சொல் கேளுங்கள்: புத்தகம் அழுகுமா?

கேள்வி: ஆங்கில நாவல் ஒன்றில் ‘மோல்டரிங் புக்ஸ்’ என்று வருகிறது. அகராதியில் ‘மோல்டர்’ என்றால் ‘மெல்ல அழுகு’ என்று போட்டிருக்கிறார்கள். புத்தகம் எப்படி அழுகும்? (வாசகி, கரூர்)

பதில்: அழுகாது. அகராதி அங்கே வழுக்கிவிட்டது. அழுகல் என்றால் ஈரம், நாற்றம், கொழகொழப்பு. அதற்கு ஆங்கிலத்தில் ‘ராட்’ இருக்கிறது. ‘மோல்டர்’ வேறு வகை: கவனிப்பாரில்லாமல் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து, கடைசியில் பொடியாக உதிர்வது.

நூறு வருடப் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தாளின் மூலை மடங்காது, ஒடியும். விரலில் பழுப்புத் தூள் ஒட்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுத் தாள்களில், மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்தார்கள். அதனால் தாளில் தங்கிய அமிலம் நார்களை உள்ளிருந்தே அறுக்கிறது. உங்கள் நாவலாசிரியர் சொல்வது இந்த நிலையைத்தான்.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேட வேண்டாம். பொருளுக்குத் தக்கபடி நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. மரம் உளுத்துப்போகும், துணி இற்றுப்போகும், சருகு மக்கும், சுவர் பொரிந்து உதிரும். புத்தகத்துக்கு ‘இற்று உதிரும் புத்தகங்கள்’ சரியாக இருக்கும். ‘செல்லரித்த’ என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் மூலத்தில் கரையான் இல்லாவிட்டால் நாமாகக் கரையானைக் கொண்டுவந்து விடக்கூடாது.

பயன்பாட்டில் பலரும் தவறுவது ஓரிடத்தில். இது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘தி புக்ஸ் ஆர் மோல்டரிங் அவே’ சரி. ‘தி ரெயின் மோல்டர்ட் தி புக்ஸ்’ தவறு. பொருள் தானாக மோல்டர் ஆகும், இன்னொன்று அதை மோல்டர் செய்யாது. உருவகமாகவும் வரும். அலுவலகத்தில் ஒரு கோப்பு மோல்டர் ஆகிறது என்றால், தமிழில் அது ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’. அங்கே ‘இற்றுப்போகிறது’ என்று பெயர்த்தால் படிப்பவர் காகிதத்தைத்தான் நினைப்பார்.

கேள்வி: ரொட்டியில் பூக்கும் ‘மோல்ட்’டிலிருந்துதானே ‘மோல்டர்’ வந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரே எழுத்துக்கூட்டில் மூன்று ‘மோல்ட்’கள் இருக்கின்றன. பூசணம் ஒன்று, வார்ப்பு அச்சு ஒன்று, பொலபொலப்பான மண் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வரத் தொடங்கிய ‘மோல்டர்’, மண்ணைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லான ‘மோல்டெ’யோடு உறவுடையது என்பதே அகராதிக்காரர்கள் பெரும்பாலும் கொள்ளும் முடிவு. தோட்டக்காரர்கள் ‘லீஃப் மோல்ட்’ என்று சொல்லும் இலைமக்கின் பெயரிலும் இருப்பது அந்த மண் ‘மோல்ட்’தான். ஆகவே பூசணம் பூத்த ரொட்டிக்கு ‘மோல்டர்ட்’ வராது, ‘வென்ட் மோல்டி’ என்பதே வழக்கு. சோறு, பால், குழம்புக்கும் ‘மோல்டர்’ ஆகாது. ஊசிப்போனதும் திரிந்ததும் ‘ஸ்பாய்ல்ட்’ அல்லது ‘வென்ட் ஆஃப்’.

கேள்வி: உச்சரிப்பு ‘மவுல்டரா’, ‘மோல்டரா’? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ‘ஷோல்டர்’ போலவே ‘மோல்டர்’. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் ஓ-வுக்குப் பின் யூ உண்டு, அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். முன்னால் ஓர் எஸ் சேர்ந்தால் ‘ஸ்மோல்டர்’: சுடரில்லாமல் கனன்று புகைவது. ஒலிதான் ஒன்று, உறவில்லை. கோவை வார்ப்படப் பட்டறையில் ‘மோல்டர்’ என்றால் மணலில் அச்சுப் பிடிக்கும் தொழிலாளி. அவர் பெயர், மேலே சொன்ன மூன்று ‘மோல்ட்’களில் வார்ப்பு அச்சின் வாரிசு.