ஆச்சிமாருக்கு செல்போன் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

ஊரில் பெரியவர்களுக்கு செல்போன், இணையச் சேவைகளைச் சொல்லித்தர தன்னார்வலராகப் போகலாமா, அதற்குக் கணினி படித்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். அந்தப் படிப்பெல்லாம் வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம், பீடி சுற்றும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் எதுவும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். "எந்த வேலைக்கு அடுத்தவங்களத் தேடிப் போறீங்க?" என்று கேளுங்கள். எங்கள் பக்கம் முதலில் வரும் பதில் பென்ஷன். பி.எஃப். பிடித்த பீடித் தொழிலாளிக்கு மாதப் பென்ஷன் 2014-லிருந்து குறைந்தது 1000 ரூபாய். அது நிற்காமல் வர, வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கப் போய்வர டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, சரி. ஆனால் அலைகிற நாளின் கூலி போய்விடுகிறதே! போய் நின்றாலும், காலமெல்லாம் பீடி சுற்றித் தேய்ந்த விரலின் ரேகையை மெஷின் எடுக்காமல் போவதும் உண்டு.

இப்போது ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இரண்டு செயலிகளும் இருந்தால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே முகத்தைக் காட்டி முடித்துவிடலாம். ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண் கையில் இருக்கட்டும். முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். செயலியை இயக்குபவராக உங்களைப் பதியாமல் மகளையோ மருமகளையோ பதிந்துவிடுங்கள். அடுத்த வருடம் உங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.

நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பது, செல்போனில் பணம் அனுப்பும்போது கேட்கிற ரகசிய எண்ணான பின் நம்பர் விஷயத்தில்தான். "நீ நம்ம பிள்ளைதான தம்பி, நீயே போட்டுரு" என்று ஆச்சிமார் நம்பரைச் சத்தமாகவே சொல்லிவிடுவார்கள். பாசம்தான். ஆனாலும் அங்கேயே அவர்கள் கையாலேயே அதை மாற்ற வையுங்கள். "எங்கிட்டயும் சொல்லக்கூடாது ஆச்சி" என்று சொல்லி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இன்றைக்கு நம்மிடம் சொன்னவர், நாளைக்கு போனில் பேங்க் ஆபீசர் என்று எவனாவது கேட்டாலும் சொல்லுவார்.

அப்புறம், பக்கத்தில் இருப்பவருக்கு 1 ரூபாய் அனுப்பவும் திரும்ப வாங்கவும் பழக்குங்கள். அனுப்புகிறவருக்கு மட்டும்தான் பின் கேட்கும், வாங்குகிறவருக்குக் கேட்காது என்பதை அவர்களே கண்ணால் பார்த்துவிடுவார்கள். "பணம் வரணும்னா பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவன் திருடன் என்பதை அதற்குப் பிறகு விளக்கவே தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே கூப்பிட 1930 என்ற எண்ணை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எழுத்து வராதவர்களுக்குக் குரல் வழித் தட்டச்சு போதும். நம்ம ஊர்ப் பேச்சு சில நேரம் அதற்குப் பிடிபடாது, நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

இடத்துக்கு ஊர் நூலகத்திலோ மகளிர் குழுவிலோ கேட்டுப் பாருங்கள். பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகு நேரம் வையுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம்.