405 நானோமீட்டர் விளக்கின் கீழ் எபாக்ஸி இறுகாதது ஏன்?

வணக்கம். பிஸ்ஃபீனால்-ஏ எபாக்ஸிப் பிசினில், ஒளி பட்டால் அமிலம் தரும் ட்ரைஅரில்சல்ஃபோனியம் உப்பைக் கலந்து, 405 நானோமீட்டர் எல்இடி விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைத்தும் பூச்சு பிசுபிசுப்பாகவே இருக்கிறது என்றும், காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன் காரணமன்று. அது அக்ரிலேட் பிசின்களை இறுக்கும் தனியுறுப்பு (free radical) வினையைத் தடுக்குமே தவிர, ஒளி பட்டுப் பிறக்கும் வலிமையான அமிலம் எபாக்ஸி வளையங்களைத் திறந்து நடத்தும் நேரயனி (cationic) வினையைத் தடுப்பதில்லை. உங்கள் உப்பு ஏறத்தாழ 350 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், அமிலமே போதிய அளவு உருவாகவில்லை என்பது என் கணிப்பு. டைபியூட்டாக்சி ஆந்த்ரசீன் போன்ற ஒளியுணர்வூட்டியை (ஒளியை உறிஞ்சி உப்பைத் தூண்டும் பொருள்) சிறிதளவு சேர்த்து, முடிந்தால் 365 நானோமீட்டர் விளக்குக்கு மாறுங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் தயோக்சாந்தோன் என்ற ஒளியுணர்வூட்டி, அயோடோனியம் எனும் வேறு வகை உப்புகளோடுதான் நன்கு ஒத்துழைக்கும். சல்ஃபோனியத்தோடு அதை நம்ப வேண்டாம்.

“வேகம் கூட்ட” அமீன் கடினமாக்கியைச் சில துளிகள் விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை அடியோடு நிறுத்துங்கள். அமீன் காரமாகையால், பிறக்கும் அமிலத்தை அப்போதே விழுங்கிவிடும். காற்றின் ஈரப்பதமும் வினையை மந்தப்படுத்தும்.

விளக்கை அணைத்த பிறகும் இந்த வினை தொடரும் என்பதால், பூச்சை 80 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். பிஸ்ஃபீனால்-ஏ வகை இயல்பிலேயே மெதுவானது; அவசரமென்றால் வளைய அலிஃபாட்டிக் எபாக்ஸியை ஒரு பங்கு கலந்துகொள்ளலாம்.