மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை நேரில் கேட்டதுண்டா? உங்களால் மறக்க முடியாத கலைஞர் யார்?

கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஒரே மனிதரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இசைத்தட்டு போட்டவர் அல்ல. இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் போட் மெக்கானிக்காக இருந்தவர். பெயரை எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்கவில்லை, அதனால் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். பிள்ளைகள் அவரை 'இழுவை மாஸ்டர்' என்பார்கள். விசைப்படகில் மடி வலையை இழுத்து மீன் பிடிப்பதற்கு இழுவை என்று பெயர். மாஸ்டரும் கம்பிமேல் இரும்பை வைத்து இழுத்து வாசிப்பவர், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போன கார்த்திகையில் காலமானார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். யாரும் அவருடைய குணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நீங்க எந்த ராத்திரி கேட்டீங்க?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விதான் இந்தப் பதிலை எழுத வைத்தது.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கிட்டாரில் விரலால் கம்பியைக் கட்டைமேல் அழுத்துவோம். இதில் கம்பிகள் கட்டையை விட்டு உயரமாக நிற்கும், அழுத்தவே கூடாது. இடது கையில் ஓர் இரும்பு உருளை, அதைக் கம்பிமேல் சும்மா வைத்து நகர்த்த வேண்டும். கட்டையில் உள்ள கோடுகள் அடையாளத்துக்கு மட்டும்தான், அவை விரலைத் தடுத்து நிறுத்தாது. ஒரு நூல் தள்ளிப்போனால் அபஸ்வரம். ஆனால் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் இருக்கும் அத்தனை இடமும் வாசிப்பவருக்குச் சொந்தம். அதனால்தான் நம் பாட்டு இதில் இவ்வளவு நன்றாக உட்காருகிறது. நம் கோட்டு வாத்தியமும் இதே வகைதான், அதிலும் வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டை கிடையாது, உருளையை நகர்த்தித்தான் வாசிக்கிறார்கள்.

ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் 1889 வாக்கில் இதை உருவாக்கினார் என்பார்கள். தண்டவாளத்து ஓரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கம்பியில் உரசிப் பார்த்தாராம். மாஸ்டருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "நம்ம ஊருலயும் தண்டவாளம் இருக்கு, கடலும் இருக்கு, இது இங்கயே பொறந்திருக்கணும் தம்பி" என்பார். இன்னொன்றும் பெருமையாகச் சொல்வார். விற்பனைக்கு வந்து வெற்றி பெற்ற முதல் மின்கிட்டாரே மடியில் வைத்து வாசிப்பதுதான், 1932இல் ரிக்கன்பேக்கர் கொண்டுவந்த அலுமினிய 'ஃபிரையிங் பேன்'. நின்றுகொண்டு வாசிக்கும் மின்கிட்டார்கள் அப்புறம்தான் பெயர் வாங்கின.

மாஸ்டர் முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டது இலங்கை வானொலியில். எங்கள் தீவில் சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்ட காலம் அது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் கூட வராது. ஒரு சினிமாப் பாட்டை யாரோ குரல் இல்லாமல், குரல் மாதிரியே வாசித்ததைக் கேட்டு, அது என்ன கருவி என்றே தெரியாமல் இரண்டு வருடம் அலைந்ததாகச் சொல்வார். பிறகு மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பார்த்திருக்கிறார். வாங்கப் பணம் இல்லை. ஊருக்கு வந்து, வள்ளம் கட்டும் ஓடாவி ஒருவரிடம் மிச்சம் கிடந்த ஆயினிப் பலகையில் அறுத்துத் தரச் சொன்னார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் மட்டும் சென்னையிலிருந்து வந்தது. கடைசி வரை அந்தப் பலகைதான்.

அவருடைய இரும்பைச் சொல்லாமல் விட முடியாது. கடையில் விற்கும் உருளை அல்ல அது, ஒரு பழைய டீசல் இன்ஜினின் பிஸ்டன் பின். கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், ஆனால் உள்ளே குழாய், எடை பத்தாது. எடை இல்லாத இரும்பு கம்பிமேல் நடுங்கும், ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடும். வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி அந்தக் குழாய்க்குள் ஊற்றி அடைத்துவிட்டார். ஒரு தடவை என் கையில் கொடுத்தார். அந்த அளவுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளங்கையில் சில்லென்று இருந்தது, கொஞ்சம் டீசல் வாடை.

உப்புக்காற்றில் கம்பி பத்து நாள் தாங்காது. வாசித்து முடித்ததும் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துணியை நனைத்து, ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் மூடுவார். மேடையில் கூட்டம் கலைந்து, நாற்காலி ஏற்றி, பந்தல்காரர் விளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் இவர் துடைத்துக்கொண்டிருப்பார். அதுவரை காத்திருந்து அவருடைய ஆம்ப்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போவது எட்டாம் வகுப்பிலிருந்தே என் வேலை.

சரி, முற்றத்தில் சொன்ன கதைகளுக்கு வருகிறேன்.

கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு காக்கா (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தன் தங்கை கல்யாணத்தைச் சொன்னார். நாகூர் ஹனிபா பாட்டு ஒன்றை மாஸ்டர் வாசித்தாராம். ஹனிபாவின் குரல் மேலே போய் நிற்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். "அந்த எடத்துக்கு நேராப் போகல. கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனாரு. எங்க வாப்பா சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு கைய எலையிலயே வச்சுக்கிட்டு அப்படியே இருந்தாரு." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மீன் கூடை சுமக்கும் ஓர் அம்மா சொன்னது மாதா கோயில் திருவிழா. பாட வந்தவருக்கு இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. குழு பாட்டை நிறுத்தப் பார்த்தது. மாஸ்டர் மட்டும் நிறுத்தவில்லை, பாடகருடைய வரியை எடுத்துக்கொண்டார். கருவியில் சொல் கிடையாதுதான், ஆனால் 'மா' என்று இழுக்க வேண்டிய இடத்தில் அவர் இழுத்தால் அது 'மா' என்றே கேட்கும். கீழே மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "பாட்டுக்காரரு எங்களப் பாத்துக்கிட்டு நின்னாரு" என்றார் அந்த அம்மா. அன்று நானும் அங்கே இருந்தேன். மேடையின் இடது பக்கம், மரத் தூணைப் பிடித்துக்கொண்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது இப்போதும் நினைவிருக்கிறது.

என்னிடம் கேட்டபோது நான் சொன்னது மேடைக் கச்சேரியே அல்ல.

கல்லூரியில் இரண்டாம் வருடம், வாடைக்காலம். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகெல்லாம் கரையில். பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள், அதனால் ரயிலும் இல்லை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. சாயங்காலம் ஆனதும் ஆம்பளைகள் எல்லாரும் மீன் ஏலக் கொட்டகையில் கூடி, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சும் குறைந்துபோயிருந்தது. கடன், ஐஸ் காசு, டீசல் காசு எல்லாம் மனதில் ஓடும் நேரம்.

மாஸ்டர் ஒரு போட் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காரில் மாட்டும் ஒரு சின்ன ஆம்ப், ஒரு ஸ்பீக்கர். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்தார். "தம்பி, டார்ச்ச இங்க காட்டு" என்றார். நான் குனிந்து அவர் கைக்கு நேராக வெளிச்சம் பிடித்தேன். அதனால்தான் அந்தக் கைகளை அவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிந்தது.

இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரும்பைப் பிடித்திருந்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் இரும்புக்குப் பின்னால், கம்பியைத் தொட்டும் தொடாமலும் கூடவே வந்தன. அவை தொட்டுக்கொண்டிருந்தால்தான் இரும்புக்குப் பின்புறக் கம்பி கரகரக்காமல் அமைதியாக இருக்கும். நகக்கண்ணில் கருப்பு மசகு, கழுவினாலும் போகாதது. வலது கையில் மீட்டுகிற விரல்கள் ஒரு பக்கம் வேலை செய்ய, சுண்டு விரல் வால்யூம் திருகைச் சுற்றிப் படிந்திருந்தது. மீட்டும்போது சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார், மீட்டிய பிறகு சுண்டு விரலால் மெதுவாக ஏற்றுவார். அதனால் விரல் பட்ட 'டங்' கேட்காது. ஸ்வரம் எங்கிருந்தோ தானாக மூச்சு விட்டு வருவது மாதிரி வரும். எத்தனையோ வருடம் கேட்டும் எனக்குப் புரியாத விஷயம் அன்றுதான் புரிந்தது.

கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு விரிசல். காற்று அதில் நுழைந்து ஊதிக்கொண்டிருந்தது, நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல. மாஸ்டர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். திருகாணிகளைப் பிடித்து அந்த ஊதலுக்கே சுருதி சேர்த்தார். அப்புறம் வாசிக்க ஆரம்பித்தார். காற்று ஒரே சுருதியில் நிற்குமா? ஏறும், இறங்கும். காற்று ஏறும்போது அவரும் இரும்பை ஒரு மயிரிழை ஏற்றினார், தணியும்போது இறக்கினார். ஒரு தடவைகூட விலகவில்லை. ஆர்மோனியக்காரருக்கு இது முடியாது. மெட்டுக்கட்டை இல்லாத கருவியும் அந்தக் கையும் சேர்ந்ததால் முடிந்தது. எந்தப் பாட்டு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் சிந்துபைரவி ராகம் மாதிரி இருந்தது. யாரும் கை தட்டவில்லை. பேட்டரி இறங்கி சத்தம் மங்கும் வரை வாசித்தார். அதற்குப் பிறகு, கொட்டகையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கருவியில் பெரிய பெயர்கள் சிலவற்றையும் மாஸ்டர் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். இந்துஸ்தானி இசையைக் கிட்டாரில் வாசித்த பிரிஜ் பூஷண் காப்ராவின் 1967 'கால் ஆஃப் தி வேலி' கேசட் அவரிடம் இருந்தது. சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, நடுவில் கிட்டார் எப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிக் காட்டிச் சொல்வார். இந்துஸ்தானி இசையை உருளை வைத்துக் கிட்டாரில் வாசிக்கும் விஸ்வ மோகன் பட், அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் இருவரும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' 1994இல் கிராமி விருது வாங்கியது. அது கலிபோர்னியாவில் புனித அந்தோணியார் குருமடத்துச் சிற்றாலயத்தில் பதிவானது என்று நான் படித்துச் சொன்ன அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வருடா வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகேறும் ஊர்க்காரர் அவர்.

மடியில் வைத்து ஸ்டீல் கிட்டார் வாசித்த அமெரிக்கர் டேவிட் லிண்ட்லியை நான்தான் அவருக்கு என் போனில் போட்டுக் காட்டினேன். பாடகர் ஜாக்சன் பிரவுனோடு 1977 சுற்றுப்பயணத்தில் மேடையிலேயே பதிவு செய்த பாட்டு. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இவரு பாட்டுக்குப் பின்னாடி நிக்கல தம்பி, பக்கத்துல நிக்கிறாரு" என்றார். 2023 மார்ச்சில் லிண்ட்லி இறந்த செய்தியையும் நான்தான் சொன்னேன். அன்று மாலை அதே பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

மாஸ்டர் வாசித்ததற்கு ஒழுங்கான பதிவு ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருப்பது நாற்பது வினாடி வீடியோ. அதில் பாதி காற்றுச் சத்தம், கிட்டார் தூரத்தில் எங்கோ கேட்கிறது. ஆனால் 1990களில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் திருவிழாக்களுக்கு டேப்ரிக்கார்டரோடு வந்து மேடைக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேர். பிறகு வேலைக்காக வளைகுடா, சிங்கப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். உங்களில் யாராவது, அல்லது உங்கள் மாமா, சித்தப்பா யாராவது அப்படி ஒருவராக இருந்தால், பரண்மேல் இருக்கும் கேசட் பெட்டியை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். மேலே பேனாவில் ஏதாவது திருவிழாப் பெயரோ வருடமோ எழுதியிருக்கும். பூஞ்சை பிடித்திருந்தாலும், நாடா அறுந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். சுத்தம் செய்து பிரதி எடுத்துத் தர மதுரையில் ஆள் இருக்கிறார். மாஸ்டர் மகளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.