எஸ்பி 18: டென்யூர் போய்விட்டதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் டெக்ஸஸில் 2023இல் வந்த எஸ்பி 18 (செனட் மசோதா 18) சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை ஆறு ஆண்டுக்குள் ஒருமுறையாவது மதிப்பிட வேண்டுமாம். அப்படியானால் பேராசிரியர்களுக்கான பணிப் பாதுகாப்பான டென்யூர் இருந்து என்ன பயன்? ஒழித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆறாண்டு மதிப்பீடு புதிதல்ல. 1997 முதலே அங்கே சட்டத்தில் இருக்கிறது. அதில் தேறாதவர் மறுநாளே வெளியேற வேண்டியதுமில்லை. இலக்குகளோடு ஒரு குறுகிய கால மேம்பாட்டுத் திட்டம் தருவார்கள். அதையும் முடிக்காவிட்டால்தான் சிக்கல்.

டென்யூரை 'பணி நிரந்தரம்' என்று எழுதி எழுதியே அதை அசைக்க முடியாத நாற்காலி ஆக்கிவிட்டோம். தக்க காரணம் காட்டி, உரிய விசாரணை நடத்தித்தான் நீக்கலாம் என்பதே டென்யூர். எனவே மசோதாவில் பார்க்க வேண்டியவை இரண்டு: எவையெல்லாம் தக்க காரணம்? விசாரணை நீக்கத்துக்கு முன்பா, பின்பா?

எஸ்பி 18 மாநிலத்தின் மேலவையான செனட்டைத் தாண்டியபோது, இனிச் சேர்வோருக்கு டென்யூரே கிடையாது என்றிருந்தது. கீழவை அதை மாற்றியது. இறுதிச் சட்டம் டென்யூரை வரையறுத்துக் காப்பாற்றுகிறது; கையோடு நீக்கக் காரணங்களையும் அடுக்குகிறது. திறமையின்மை, பொய்யான கல்வித் தகுதி போன்றவற்றில் யாருக்கும் சண்டையில்லை. நிறுவனத்தைப் பாதிக்கும் 'தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை' என்று ஒன்று இருக்கிறதே, அது ரப்பர். இழுத்த இழுப்புக்கு வரும். கடும் முறைகேடு என்றால் விரைவு வழியும் உண்டு: குற்றச்சாட்டைத் தெரிவித்து, ஒரு நிர்வாகியிடம் பதில் சொல்ல வாய்ப்புத் தந்துவிட்டு நீக்கலாம். மேல்முறையீடு அதற்குப் பிறகுதான்.

பலர் தாண்டிப் போகும் வரி இன்னொன்று. அது புரிய ஒரு பழைய தீர்ப்பு வேண்டும். 1972இல் ராத், சிண்டர்மன் என்ற இரு கல்லூரி ஆசிரியர்களின் வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு வேலையில் சொத்துரிமை, அதாவது வேலை தொடரும் என்று சட்டப்படி எதிர்பார்க்கும் உரிமை, இருந்தால் விசாரணையை உரிமையாகக் கேட்கலாம். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த ராத்துக்கு அது இல்லை. எழுத்தில் டென்யூர் இல்லாத சிண்டர்மனுக்கோ, கல்லூரியின் விதிகளும் வழக்கமும் அதற்கு ஈடான உறுதி தந்தன என்று நிரூபிக்க வாய்ப்புக் கிடைத்தது. எஸ்பி 18 கை வைப்பது இந்தச் சொத்துரிமையில்தான். டென்யூரால் வரும் சொத்துரிமை வழக்கமான ஆண்டுச் சம்பளம் வரைதான் என்கிறது. ஆய்வகமோ கூடுதல் பொறுப்போ பறிபோனால் டென்யூரைக் காட்டி வாதாடுவது கடினம்.

டெக்ஸஸ் டென்யூரைச் சட்டத்தில் எழுதியது என்றால், விஸ்கான்சின் மாநிலம் இதற்கு நேரெதிர். அங்கே டென்யூர் மாநிலச் சட்டத்திலேயே இருந்தது. 2015 பட்ஜெட் சட்டம் அதை எடுத்து, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் கொள்கையாக இறக்கியது. பெயர் மாறவில்லை, பலம் மாறிவிட்டது. சட்டத்தைத் திருத்த இரு அவைகளும் ஆளுநரும் வேண்டும்; கொள்கைக்கு ஆட்சிக்குழுவின் ஒரு கூட்டம் போதும். முன்பு நிதி நெருக்கடியில் மட்டுமே டென்யூர் பெற்றவரை ஆட்குறைப்பில் அனுப்ப முடியும். இப்போது பாடப்பிரிவை நிறுத்தினாலும் சுருக்கினாலும் அனுப்பலாம். அந்த நேரத்தில் எந்த மதிப்பீட்டிலும் குறை வாங்காத பேராசிரியரும் பட்டியலில் இருப்பார்.