முதல் மூன்று குழந்தைகள் எங்கிருந்து வருவார்கள்? வீட்டு டே கேர் – சேலம் வட்டாரக் கேள்வி பதில்

கேள்வி (அழகாபுரம்): அக்கா, வீட்டுலயே டே கேர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. வாசல்ல போர்டு மாட்டியாச்சு, பேப்பரோட வச்சு ஆயிரம் நோட்டீஸும் கொடுத்தாச்சு. மூணு போன் வந்துச்சு, ஒரு குழந்தை கூட சேரல. எங்க தப்பு?

பதில்: நோட்டீஸ் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. பேப்பரோடு வருகிற நோட்டீஸ் காலையில் வீட்டுக்குள் விழும்போது வேலைக்குப் போகிற அம்மா அடுப்படியில் நிற்பார். மாலையில் அது பழைய பேப்பர் கட்டோடு போய்விடும்.

குழந்தையை எங்கே விடுவது என்பதை அம்மாக்கள் முதலில் வழியை வைத்துத்தான் யோசிக்கிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் இருந்தால் வண்டியை நிறுத்தி விசாரிப்பார்கள். எதிர்ப்பக்கம் ஒரு கிலோமீட்டர் போகணும் என்றால் எவ்வளவு நல்ல இடமானாலும் தள்ளிப்போடுவார்கள். அதனால் இரண்டு நாள் காலை 8 மணியிலிருந்து 9.30 வரை உங்கள் தெருமுனையில் நின்று கவனியுங்கள். எத்தனை பெண்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அழகாபுரத்திலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கும், ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளுக்கும் போகிறவர்கள்தான் உங்கள் ஆட்கள். குகைப் பகுதியிலிருந்து யாரும் ஊரைத் தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

அப்புறம் ஆயிரம் நோட்டீஸ் வேண்டாம், அறுபது போதும். ஆனால் ஒவ்வொன்றையும் கையில் கொடுங்கள். யாருக்கு என்றால், தெருவை அறிந்தவர்களுக்கு. இஸ்திரி போடுகிற அண்ணனுக்கு எந்த வீட்டிலிருந்து நர்ஸ் யூனிஃபார்மும் குட்டிச் சட்டையும் சேர்ந்து வருகிறது என்று தெரியும். பால்காரருக்கு எந்த வீட்டில் திடீரென்று அரை லிட்டர் கூடியது என்று தெரியும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன், பிளவுஸ் தைக்கிற அக்கா, குழந்தை டாக்டர் கிளினிக்கை ஒட்டிய மெடிக்கல் ஷாப்காரர் ஆகியோரையும் பாருங்கள். "யாராவது கேட்டா இந்த நம்பரைக் கொடுங்க" என்று ஆளுக்கு ஐந்து தாள். இவர்களுக்குக் கமிஷன் பேச வேண்டாம். காசு வாங்கிச் சொன்னார்கள் என்று தெரிந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும்.

கேள்வி (அதே சகோதரி): நோட்டீஸ்ல என்ன எழுதறதுங்க?

பதில்: "அன்பான கவனிப்பு" வேண்டாம். அது எல்லோருடைய நோட்டீஸிலும் இருக்கிறது, எதையும் சொல்வதில்லை. இப்படி எழுதுங்கள்: "6 மாதம் முதல் 4 வயது வரை. மொத்தம் 6 குழந்தைகள் மட்டும். காலை 8 – மாலை 6.30, சனி உண்டு. வீட்டுச் சமையல். தரைத்தளம். இன்ன கோயிலுக்கு அடுத்த சந்து. நேரில் பார்க்க மாலை 4–6." போன் நம்பர் பெரிதாக. "6 குழந்தைகள் மட்டும்" என்ற வரிதான் அதிகம் வேலை செய்யும். கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோகும் என்ற பயம் எல்லா அம்மாவுக்கும் உண்டு.

கேள்வி (சூரமங்கலம்): எந்த மாசத்துல விளம்பரம் பண்ணா ஆள் கிடைக்கும்?

பதில்: மாதத்தைவிடக் குழந்தையின் வயதைப் பாருங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு தனியார் வேலையில் முதல் இரண்டு பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்ததுமே வேலைக்குத் திரும்ப வேண்டும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். உங்கள் பக்கம் ரயில்வே குடும்பங்கள் அதிகம். மத்திய அரசு வேலையில் 180 நாள் மகப்பேறு விடுப்பு, அது போகக் குழந்தை பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் வரை. அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். லீவு கிடைக்காத மாதத்தில்தான் உங்களைத் தேடுவார்கள்.

ஆக, தனியார் வேலை அம்மா தேட ஆரம்பிப்பது குழந்தைக்கு மூன்று மாதம் முடிகிற சமயத்தில். 14-வது வாரத் தடுப்பூசியும் அப்போதுதான் வரும். நம் ஊரில் சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அங்கே வாசலில் நின்று அம்மாக்களைப் பிடிக்காதீர்கள், குழந்தை அழுகிற நேரம் அது. பக்கத்து மருந்துக் கடையில் ஒரு அட்டை ஒட்ட அனுமதி கேளுங்கள், அது போதும்.

பள்ளி ஆசிரியைகள் மட்டும் தனிக் கணக்கு. ஜூன் திறப்புக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே பார்த்து வைப்பார்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): வந்து பார்க்கிறாங்க, நல்லா பேசுறாங்க, "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு போறாங்க. அப்புறம் போனே வர்றதில்லை மேடம். ஃபீஸ் அதிகமோன்னு குறைக்கலாமான்னு இருக்கேன்.

பதில்: குறைக்காதீர்கள். பலர் ஃபீஸைக் காரணம் சொன்னாலும் உள்ளே இருப்பது வேறு. வந்தவர் கண் எங்கே போகிறது என்று அடுத்த தடவை கவனியுங்கள். பொம்மைகளையும் சுவரில் ஒட்டிய படங்களையும் அரை நிமிடம் பார்ப்பார். அப்புறம் பாத்ரூம் கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கும், அதில் மக்கு மிதக்கும். அந்த இடத்தில் அவர் மனசு மூடிவிடும், வாயால் சொல்ல மாட்டார். அந்தப் பயம் நியாயமானது. தவழ்கிற குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் ஒரு ஜாண் தண்ணீரே போதும்.

நம் ஊரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்குகிற வீடுகள்தான் அதிகம், டிரம் இல்லாத வீடு குறைவு. எல்லா டிரம்முக்கும் இறுக்கமான மூடி, சம்ப் மூடிக்குப் பூட்டு, பக்கெட்டைக் காலி செய்து கவிழ்த்து வைப்பது, மாடிப்படிக்குக் குட்டி கேட், கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் ஆஃப், தரை மட்டத்துப் பிளக்குகளுக்கு மூடி, மாடி கிரில்லில் குழந்தையின் தலை நுழையாத இடைவெளி. இவற்றை அவர் தேடிப் பார்க்கும்படி விடாமல் நீங்களே முதலில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். பொம்மை அறை கடைசியில்.

இரண்டாவது, "வீட்ல கேட்டுட்டு" என்பது பெரும்பாலும் உண்மைதான். முடிவு எடுப்பவர் மாமியாராகவோ கணவராகவோ இருப்பார். "ஞாயித்துக்கிழமை பாட்டியையும் கூட்டிட்டு வாங்க" என்று நாளும் நேரமும் சொல்லி அனுப்புங்கள். பாட்டி கேட்கும் முதல் கேள்வி சாப்பாடாகத்தான் இருக்கும். ஒரு வாரத்து மெனுவை எழுதியே வையுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதும் அதில் இருக்கட்டும். சேர்ந்த பிறகு தெரியவந்தால் சண்டை வரும்.

மூன்றாவது, ஃபீஸைச் சொல்வதற்கு முன் குழந்தையைப் பற்றிக் கேளுங்கள். பெயர் என்ன, எத்தனை மணிக்குத் தூங்கும், எதைக் கொடுத்தால் துப்பும், தூளியா தொட்டிலா. அன்று மாலையே ஒரே ஒரு வாட்ஸ்அப்: "பாப்பாவுக்குப் பருப்பு சாதம் பிடிக்கும்னு சொன்னீங்க, குறிச்சு வச்சிருக்கேன்." அதோடு விடுங்கள். தினமும் "முடிவு பண்ணிட்டீங்களா" என்று துரத்தினால், இடம் காலியாகவே கிடக்கிறது போல என்று நினைப்பார்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): அஞ்சு மாசக் குழந்தையை விடலாமான்னு ஒரு பேங்க் மேடம் கேட்டாங்க. பயமா இருக்கு. சேர்த்துக்கலாமா?

பதில்: ஒரு வயதுக்குள் ஒரு குழந்தைதான் என்று வைத்துக்கொண்டால் சேர்க்கலாம். நல்ல வேலை, மற்ற அம்மாக்களும் அதைப் பார்த்துத்தான் நம்புவார்கள். தாய்ப்பால் பற்றி அவர் கேட்பார், திணறாதீர்கள். எடுத்துத் தரும் பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். சேலத்து ஏப்ரல் வெயிலில் அந்தக் கணக்கே கிடையாது, வாங்கியவுடன் ஃபிரிட்ஜ். கதவுப் பக்கம் வேண்டாம், உள் தட்டில் வையுங்கள். பாட்டிலில் பெயரும் தேதியும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள். குடித்து மீந்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

தூங்க வைக்கும்போது மல்லாக்க, தலையணை இல்லாமல். ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவதும் கூடாது, பாட்டி சொன்னாலும் பொறுமையாக மறுத்துவிடுங்கள். தூளியில் ஆட்டித் தூங்க வைத்தால் தூங்கியதும் பாயில் மாற்றுங்கள். தூளியில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகக் கூடாது. இவ்வளவையும் நீங்களே சொன்னால் அந்த மேடம் தன் பிராஞ்சில் நாலு பேரிடம் சொல்வார்.

கேள்வி (ஜாகீர் அம்மாபாளையம்): ஃபீஸ் எப்படி முடிவு பண்றது? முதல் மாசம் இலவசம்னு போடலாமா?

பதில்: இலவசம் வேண்டவே வேண்டாம். இலவசத்துக்கு வருகிறவர் இரண்டாம் மாதம் வரமாட்டார். குழந்தை இடத்துக்குப் பழகி, அழுகை நிற்கும் நேரத்தில் போய்விடும். வேண்டுமானால் மூன்று நாள் பழக்க நேரம் கொடுங்கள். முதல் நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், இரண்டாம் நாள் அம்மா இல்லாமல் ஒரு மணி நேரம், மூன்றாம் நாள் சாப்பாடு வரை.

கணக்கை ஒரு உதாரணமாகப் போட்டுக் காட்டுகிறேன், தொகைகளை உங்கள் தெருவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் 4,500 ஃபீஸ், குழந்தைக்குச் சாப்பாடு 700, கேஸ் கரண்ட் துப்புரவு 1,800. உதவியாள் இல்லாமல் மூன்று குழந்தை என்றால் 13,500 வரும், 3,900 போகும், கையில் 9,600. நாலாவது குழந்தை வந்ததும் 9,000 சம்பளத்துக்கு முழுநேர ஆள் வைத்தால் 18,000 வரும், 13,600 போகும், கையில் 4,400 மட்டும்! குழந்தை கூடக்கூட வருமானம் குறைகிறதே என்று பலர் இந்த இடத்தில்தான் மூடிவிடுகிறார்கள். ஆறு குழந்தை ஆனால் கையில் 12,000 நிற்கும். ஆக நாலிலேயே தங்கிவிடாதீர்கள். நாலாவதுக்கு 5,000-க்கு அரை நாள் ஆள் வைத்தால் 8,400 நிற்கும். ஐந்தும் ஆறும் உறுதியான பிறகு முழுநேரம். ஆள் இல்லாத காலத்திலும் அவசரத்துக்கு ஓடிவர வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அதைச் செலவுக் கணக்கில் வெட்டாதீர்கள்.

ஃபீஸ் 5-ஆம் தேதிக்குள் முன்பணமாக. தாமதமாக அழைத்துப் போனால் கால் மணிக்கு 50 ரூபாய் என்று சேரும் நாளிலேயே தாளில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): எங்க பக்கம் தறி, வெள்ளிப் பட்டறை வேலைதான்மா. 4,500 எல்லாம் யாரும் தரமாட்டாங்க.

பதில்: மாதக் கணக்கில் தரமாட்டார்கள், வாரக் கணக்கில் தருவார்கள். கூலி வாங்குகிற நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு நாள் வேண்டாம், காலை 9 முதல் 1 வரை அரை நாள், சாப்பாடு அவர்களே கட்டித் தரட்டும். கொலுசு பற்றவைக்கிற வீட்டில் நெருப்பும் ஆசிடும் பக்கத்திலேயே இருக்கும், தவழ்கிற குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது. அந்த நாலு மணி நேரத்தில் எத்தனை ஜோடி கூடுதலாக முடியும் என்று அவர்களையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தொகைக்குள் உங்கள் ஃபீஸ் அடங்கினால் சேர்ப்பார்கள்.

கேள்வி (ஏற்காடு): இங்க எஸ்டேட்டும் ஓட்டலும்தான். டூரிஸ்ட்டுங்களும் "ஒரு நாள் பார்த்துக்கிறீங்களா"ன்னு கேக்கறாங்க. எடுக்கலாமா?

பதில்: டூரிஸ்ட் குழந்தை வேண்டாம். என்ன அலர்ஜி, என்ன மருந்து என்று உங்களுக்குத் தெரியாது. பழகாத குழந்தை நாள் முழுக்க அழும், அதைப் பார்த்து உங்கள் நிரந்தரக் குழந்தைகளும் அழும்.

50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற, அல்லது பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற தோட்டங்களில் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆகவே பெரிய எஸ்டேட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சின்னக் காபித் தோட்டங்களில் நவம்பர் தொடங்கிப் பழம் பறிக்கிற மாதங்களில் மட்டும் தேவை வரும். வருஷம் முழுக்க வருகிறவர்கள் ஓட்டல் ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங் பெண்களும் பள்ளி ஊழியர்களும்தான். ஓட்டல்காரர்களுக்குச் சனி, ஞாயிறில்தான் வேலை அதிகம். அந்த இரண்டு நாளும் திறந்து, செவ்வாய் விடுமுறை விடுங்கள். கோடை விழா நேரத்தில் நீங்கள் லீவு போட்டால் அவர்கள் வேலையே போகும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): கூகுள் மேப்ல போடணுமா? சிசிடிவி கேக்கறாங்களே?

பதில்: மேப்பில் இலவசமாகவே போடலாம், வீடியோ எடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். சொந்தக்காரர்களை விட்டு ஒரே நாளில் பத்து ரிவ்யூ போட வைக்காதீர்கள், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். மூன்று மாதம் முடித்த அம்மாவிடம் கேளுங்கள், போதும்.

கேமரா ஹாலில் வைக்கலாம். பெற்றோர் போனில் லைவ் கொடுத்தால் அடுத்த வீட்டுக் குழந்தையையும் அவர்கள் பார்க்கிறார்கள் என்பதை யோசியுங்கள். தினம் இரண்டு போட்டோ, அந்தந்த அம்மாவுக்கு மட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்தக் குழந்தை முகமும் வேண்டாம், விளம்பரத்துக்கு ஆசையாக இருந்தாலும்.

கேள்வி (குரங்குச்சாவடி): "பிளே ஸ்கூல்"னு போர்டு போட்டா நிறைய பேர் வருவாங்கன்னு சொல்றாங்க.

பதில்: போடாதீர்கள். அந்தப் பெயருக்குத் தமிழ்நாட்டில் 2015-இல் வந்த விதிகளும் அங்கீகாரமும் தனி. "குழந்தைகள் பகல் பராமரிப்பு" என்றே எழுதுங்கள். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் வேண்டும். வாடகை வீடானால் ஓனரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். நடு வருஷத்தில் இடம் மாறினால் பாதிக் குழந்தைகள் கூட வராது.

கேள்வி (கருப்பூர்): எனக்கு ஆறும் நிறைஞ்சாச்சுக்கா. இப்ப வர்றவங்களை இல்லைன்னு அனுப்பிடறேன். சரிதானே?

பதில்: அனுப்புங்கள், ஆனால் எழுதிக்கொண்டு அனுப்புங்கள். ஒரு நோட்டில் குழந்தையின் பிறந்த தேதி, அம்மா வேலைக்குத் திரும்பும் தேதி, போன் நம்பர். இப்போது உங்களிடம் இருக்கிற ஆறு பேரின் பிறந்த தேதியையும் அதே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று வயது முடிந்தவை ஜூனில் எல்.கே.ஜி. போய்விடும். இரண்டு, மூன்று இடம் ஒரே வாரத்தில் காலியாகும், அந்த ஜூன் மாதம்தான் பலருக்குக் கை நடுங்கும். பிப்ரவரியிலேயே பெற்றோரிடம் "பாப்பா ஸ்கூல் போகுதா" என்று கேட்டு, ஒரு மாத முன்னறிவிப்பும் வாங்குங்கள். எல்.கே.ஜி. போகிற குழந்தையை மதியத்துக்கு மேல் மட்டும் பாதி ஃபீஸில் வைத்துக்கொள்ளவும் சொல்லிப் பாருங்கள். நோட்டில் உள்ளவர்களுக்கு மார்ச்சில் போன் போட்டு, "ஜூன் 1-லிருந்து ஒரு இடம் இருக்கு, ஏப்ரல் 15-க்குள்ள சொல்லுங்க" என்று தேதி வைத்துக் கேளுங்கள்.