நுரையீரல் செல்களில் அயனி ஆராய்ச்சி: மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உயிர்வேதியியலில் முதுநிலை இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள செல்கள் உப்பு அயனிகளை, அதாவது சோடியம், குளோரைடு போன்ற மின்னூட்டமுள்ள துகள்களை, எவ்வாறு கடத்துகின்றன என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவதையும், இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்று வீட்டார் கவலைப்படுவதையும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. ஆயினும் தலைப்பு குறுகியது என்பதால் அதில் கற்கும் தொழில்திறனும் குறுகியது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

அச்செல்களின் மேல் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு ஒரு நீர்ப்படலம் உண்டு. அதில் அசையும் குறு இழைகளே சளியையும் தூசியையும் தொண்டைக்குத் தள்ளுகின்றன. சோடியம் உள்ளே செல்வதும் குளோரைடு வெளியே வருவதும் சேர்ந்துதான் அந்த நீரின் அளவைக் காக்கின்றன. குளோரைடு செல்லும் வழியான சிஎஃப்டிஆர் புரதத்தின் மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. அது பழுதானால் சளி கெட்டிப்பட்டு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் வருகிறது. பழுதான அப்புரதத்தையே இயங்கவைக்கும் முதல் மருந்தான ஐவாகாஃப்டர், 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் மின்னோட்டத்தை அளந்தே அதன் செயலை உறுதிப்படுத்தினார்கள். காலராவின் நச்சு குடலில் திறந்துவிடுவதும் இதே வழியைத்தான் என்பதால், இவ்வாய்வு நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதை மகள் அறிந்திருக்க வேண்டும். நுண்துளைச் சவ்வின் மேல் செல்களை வைத்து, கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் படும்படி மூன்று நான்கு வாரம் வளர்க்க வேண்டும். இடையில் பூஞ்சை தொற்றினால் அத்தனையும் வீண். வளர்ந்த சவ்வை, டென்மார்க்கின் அறிவியலாளர் ஹான்ஸ் உஸ்ஸிங் தவளைத் தோலை ஆராய உருவாக்கிய பெட்டி போன்ற கருவியில் பொருத்தி, இருபுறமும் உப்புக் கரைசலை ஊற்றி, மின்னோட்டத்தை அளப்பார்கள். அமிலோரைடு என்னும் மருந்தைச் சேர்த்தால் சோடியத்தின் வழி அடைபட்டு, திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு இறங்கும். ஃபோர்ஸ்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் குளோரைடின் வழி திறந்து கோடு ஏறும். உயிரியல் மாணவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் உயிரியலில் அல்ல, இயற்பியலில்தான் என்பது என் கருத்து. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இணைக்கும் ஓம் விதியும், அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடும் மகளுக்கு அச்சமூட்டுகின்றனவா என்று கேளுங்கள்.

இனி வேலை. புதிய மருந்துகள் இதயத்தின் பொட்டாசியம் வழியை அடைக்கின்றனவா என்று சோதிப்பது மருந்துத் துறையில் வழக்கம் என்பதால், அயனி வழிகளை அளக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடமுண்டு. கல்லூரி ஆசிரியர் பணி மட்டுமே போதுமென்றால் இவ்வளவு கடினமான தலைப்பு தேவையில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தகுதி பெற்றால், 2023ஆம் ஆண்டு உயர்த்தப்பட்டபடி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கிடைக்கும்.

இறுதிப் பருவத்தின் ஆய்வுத்திட்டத்தை, எந்த உறுப்பின் செல்லாயினும் சரி, செல் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் மகள் செய்யட்டும். நெறியாளரைத் தேர்வதற்கு முன், அவரிடம் பயின்ற மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை அம்மாணவர்களிடமே கேட்டறியச் சொல்லுங்கள்.