இரட்டைத் தலை வில்லன்: எந்தத் தலை பேசுதுன்னு தெரியலையா?

குடியாத்தம் நண்பரே, உங்க அனிமேஷன் படத்துல வில்லனோட ரெண்டு தலையும் சண்டை போடுறப்போ எது பேசுதுன்னு புரியலைன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு வாயும் சேர்ந்து அசையறதுதான் கோளாறு. கேட்கிற தலை வாயை மூடிட்டு, கண்ணை மட்டும் பேசுற பக்கம் திருப்பட்டும்.

நொடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடுதுன்னா, குரல் தொடங்க 6 பிரேம் முன்னாடியே பேசப்போற தலை நிமிரணும்; பார்க்கிறவங்க கண்ணு அங்க போக அவ்வளவு நேரம் வேணும். வாயசைவு குரலுக்கு 2 பிரேம் முந்தலாம், பிந்தினா உறுத்தும். ஆம்பூர் பிரியாணியா, ஆற்காடு மக்கன் பேடாவான்னு அடிச்சுக்கிற வசனம் அருமை, அதை வெட்டிடாதீங்க! 'பிரியாணி'யோட 'பி'யிலயும் 'மக்கன்'ல 'ம'விலயும் உதடு 2 பிரேமாவது ஒட்டணும்.

குரல் ரெண்டையும் தனித்தனி டிராக்ல (ஒலித்தடத்துல) வெச்சு, இடது ஸ்பீக்கருக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு லேசா பிரிச்சு விடுங்க.